ஐஸுக்குப் போன பேர்

“சேர், அப்ப ஐஸ் வைக்காதவங்க எத்தன பேர் பொழச்சாங்க?”

தரம் 10இல் அனுசேபம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலோரம் இருந்த ஒரு பிள்ளை இப்படிக் கேட்டாள். குறும்புக் கேள்வி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அன்று ஹட்டனில் விடிந்ததிலிருந்தே பனிமூட்டம், வகுப்பில் லைட் போட்டிருந்தோம். நான் வழக்கம்போல என் அப்பாவின் கதையைச் சொல்லி முடித்திருந்தேன். மாரடைப்பு வந்து இதயம் நின்றுபோன மனிதரை, ஐஸ் வைத்து 33 பாகைக்குக் குளிரவைத்து, ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்லச் சூடாக்கி எழுப்பிய கதை. உடம்பு குளிர்ந்தால் கலங்களின் வேலை குறையும், வேலை குறைந்தால் ஒட்சிசன் தேவையும் குறையும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, உதாரணத்துக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு வருவேன். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். எந்தப் பாடத்தை மறந்தாலும் அந்தப் பாடத்தை மறக்க மாட்டார்கள்.

அவளுக்கு “தேடிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். ஆசிரியர்களுக்கென்றே இருக்கும் பதில் அது. ஆனால் மணி அடித்த பிறகும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அதே வகுப்புக்குக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்திருந்தேன். இரண்டு சாடி, இரண்டு செடி, ஒன்று வெளிச்சத்தில், மற்றது இருட்டில். அதை என் அப்பாவோடு பொருத்திப் பார்க்க அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பல வருடமாக அந்தக் கதையைச் சொல்லி வந்த எனக்குத் தோன்றவில்லை.

கம்பளி

2017, பொங்கல் கழிந்த வாரம். அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், முப்பது வருடம் வேலை பார்த்தவர். அதில் பாதிக்கு மேல் ட்ரையர் பக்கம். கொழுந்து வறுபடும் அந்தச் சூட்டில் நின்று பழகியதாலோ என்னவோ, வெளியே வந்தால் அவருக்கு எப்போதும் குளிர்தான். ஓய்வு பெற்ற பிறகும் தலையில் குல்லா, கழுத்தில் மப்ளர், இரவில் இரண்டு சோடி சொக்ஸ். அப்படிப்பட்டவருக்கு ஜனவரி மாத விடியற்காலையில் சட்டை நனைய வேர்த்தது. நெஞ்சு அடைக்கிறது என்றார். அம்மா வாய்வு என்று நினைத்து இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்து, நெஞ்சில் சித்தாலேப தைலம் பூசிவிட்டார். அந்தக் குளிரில் வேர்ப்பது சரியில்லை என்று எனக்கு உறைக்கவே கால் மணி நேரம் ஆனது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில்தான் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் இன்னும் வரவில்லை. பக்கத்து லயத்து ஓட்டோவில் ஏற்றினோம். ஒன்பது கிலோமீற்றர், அதில் பாதி குண்டும் குழியும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே இதயம் நின்றது. ஷொக் கொடுத்தார்கள். துடிப்பு வந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இந்த நாலு வசனத்தையும் நான் எப்போதும் இந்த வேகத்தில்தான் சொல்வேன், ஏனென்றால் கதை தொடங்குவதே இதற்குப் பிறகுதான் என்று நினைத்திருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்பாவுக்கு நினைவு வரவில்லை. வாயில் குழாய், மூச்சு மெசினில். ஒரு இளம் டொக்டர், தமிழ்ப் பிள்ளை, வெளியே வந்து எனக்கு விளக்கினார். இதயம் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் இரத்தம் போகாமல் இருந்த நிமிடங்களில் மூளைக்கு அடிபட்டிருக்கும். இரத்தம் திரும்ப வந்த பிறகும் அந்தச் சேதம் உடனே நிற்காது, மணிக்கணக்காக, நாள்கணக்காகத் தொடரும். உடம்பைக் குளிரவைத்தால் மூளையின் வேலை குறையும், ஒரு பாகை குறைந்தால் ஆறேழு வீதம் குறையும், அதனால் 33இல் வைத்திருக்கப்போகிறோம் என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததில் ஒரு பெருமைகூட. அந்த நேரத்தில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், பயந்துபோயிருக்கும் மனிதனுக்கு ஏதாவது ஒன்று விளங்கினால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான்.

ஒவ்வொருவராகத்தான் உள்ளே விட்டார்கள். அம்மாவைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லி நானும் கூடப் போனேன். கக்கத்தில், கவட்டில், கழுத்தோரம் துணியில் சுற்றிய ஐஸ் பைகள். நெஞ்சின் மேல் ஈரத் துணி. நடுக்கம் வந்தால் சூடு ஏறிவிடும் என்பதால் நடுங்காமலிருக்கவும் மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிரில் அவர் அசையாமல் கிடந்தார். அம்மா நேரே கால்மாட்டுக்குப் போய்ப் பாதத்தைத் தொட்டார். தொட்ட கையை இழுத்துக்கொண்டார்.

“காலு சில்லிட்டுப் போச்சேடா.”

எங்கள் பக்கம் அந்த வார்த்தையை உயிரோடு இருப்பவருக்குச் சொல்ல மாட்டார்கள். அம்மா வீட்டிலிருந்தே ஒரு கம்பளி கொண்டுவந்திருந்தார், மலைக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் கறுப்புக் கம்பளி. மழை வாசமும் புகை வாசமும் போகாத கம்பளி. அதை விரித்து அப்பாவின் காலில் போடப் போனார். நர்ஸ் திரும்புவதற்கு முன் நான் அம்மாவின் கையிலிருந்து அதைப் பறித்துவிட்டேன். “அம்மா, குளிர்தான் மருந்து. போர்த்தினா மருந்தப் புடுங்கிப் போட்ட மாதிரி.” குரலையும் உயர்த்திவிட்டேன் போல, நர்ஸ் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவும் மறுநாளும் நடைவழி வாங்கில் அந்தக் கம்பளியை மடியில் மடித்து வைத்தபடியே இருந்தார். தனக்குப் போர்த்திக்கொள்ளவும் இல்லை.

நாலாம் நாள் அப்பா கண் திறந்தார். ஐந்தாம் நாள் குழாயை எடுத்தபோது முதலில் கேட்டது, “ஏன் இவ்வளவு குளிரு?”

ஊர் சொன்ன கதை

அதற்குப் பிறகு அந்தக் கதை என் கையில் இல்லை. பணிய லயத்திலிருந்து மேட்டு லயத்துக்குப் போவதற்குள் ஐஸ் பைகள் ஐஸ் பெட்டியாகிவிட்டன. மீன் வைக்கிற மாதிரி வைத்தார்கள் என்றார் ஒருவர். செத்த மனிதனை மூன்று நாள் ஐஸில் போட்டு எழுப்பினார்கள் என்று கொட்டகலையில் ஒரு கல்யாண வீட்டில் எனக்கே ஒருவர் சொன்னார், நான் யார் என்று தெரியாமல். நானும் சும்மா இருக்கவில்லை. வகுப்பில் சொன்னேன், முகநூலில் எழுதினேன், செத்த வீடுகளில் மாரடைப்புப் பேச்சு எடுபட்டால் குறுக்கே விழுந்து சொன்னேன். சொல்லும்போது அன்னா போகன்ஹோம் என்ற சுவீடன் பெண்ணையும் சேர்த்துக்கொள்வேன். 1999இல் நோர்வேயில் நார்விக் பக்கம் பனிச்சறுக்கும்போது உறைந்த ஓடைக்குள் விழுந்து, ஐஸுக்கடியில் 80 நிமிடம் மாட்டிக்கொண்டவர். உடல் வெப்பநிலை 13.7 பாகைக்குப் போயும் பிழைத்துவந்தவர். “பாத்தீங்களா, குளிர் உயிரக் காப்பாத்தும்” என்பேன்.

அப்பாவுக்கு அந்த வாரம் முழுக்க ஞாபகத்தில் இல்லை. பழைய பெயர்கள் சில கொஞ்சம் யோசித்தால்தான் வரும். மற்றபடி மனிதர் பழைய மனிதர்தான். அவருக்கு இருந்த ஒரே முறைப்பாடு நெஞ்செலும்பு. இரண்டு மாதம் இரும முடியவில்லை, தும்ம முடியவில்லை, புரண்டு படுக்க முடியவில்லை. மூன்று விலா முறிந்திருந்தது. அம்மா அதற்குக் காரணமானவனை நாள் தவறாமல் ஏசினார். “வெறகு ஒடைக்கிற மாதிரி ஒடச்சி வச்சிருக்கான் பாவி.” முதல் கிளினிக்குக்கு எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கேயும் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். நான் கூட இருந்தேன், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

ஐஸுக்கு நன்றி, கைக்கு ஏச்சு. எங்கள் வீட்டுக் கணக்கு இப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

33, 36, 37

அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லத்தான் தேடத் தொடங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று நினைத்தது ஒரு மாதம் இழுத்தது.

குளிரூட்டல் மீது உலகத்துக்கு நம்பிக்கை வந்தது 2002இல். நியூ இங்கிலாந்து ஜேர்ணல் ஒஃப் மெடிசின் இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வந்தன. ஐரோப்பிய ஆய்வில் 275 பேர்; 32க்கும் 34க்கும் இடையில் 24 மணி நேரம் குளிரவைத்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கும் நிலையில் தேறினார்கள், மற்றவர்களில் 39 பேர். மெல்பர்னில் நடந்த சிறிய ஆய்வில் 77 பேர். அங்கே குளிரவைத்தவர்களில் நூற்றுக்கு 49 பேர், மற்றவர்களில் 26 பேர். இப்படிப்பட்ட வித்தியாசத்தைப் பார்த்த எந்த டொக்டரும் ஐஸ் தேடி ஓடத்தான் செய்வார். மெல்பர்ன் ஆய்வில் யாரைக் குளிரவைப்பது என்று தீர்மானித்தது நாள்காட்டி: ஒற்றைப்படைத் திகதியில் வந்தவருக்குக் குளிர், இரட்டைப்படையில் வந்தவருக்கு இல்லை. இதைப் படித்தபோது, என் மாணவி கேட்ட கேள்விக்கு எவ்வளவு எளிய உருவம் இருந்திருக்கிறது என்று தோன்றியது. அம்புலன்ஸ்காரர் கலண்டரைப் பார்த்தால் போதும்.

ஆனால் ஐரோப்பிய ஆய்வில் ஒரு சின்ன விசயம் இருந்தது. குளிரவைக்கப்படாதவர்களைச் சாதாரணமாக விட்டிருந்தார்கள், அவர்களில் பலருக்கு உடல் சூடு 37க்கு மேல் ஏறியிருந்தது. இதயம் நின்று மீண்டவர்களுக்குக் காய்ச்சல் வருவது வழக்கம், காய்ச்சல் அடிபட்ட மூளைக்கு ஆகாது. அப்படியென்றால் அந்த ஆய்வு காட்டியது குளிரின் நன்மையையா, காய்ச்சலின் தீமையையா? இரண்டாவது சாடியில் இருட்டோடு சேர்த்து வேறொன்றையும் யாரோ ஊற்றிவிட்ட மாதிரி.

2013இல் 939 பேரை வைத்து 33ஐயும் 36ஐயும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இல்லை. அதனால்தான் அப்பா விழுந்த காலத்தில் வழிகாட்டிகள் 32 முதல் 36 வரை எதையும் தெரிவுசெய்யலாம் என்று இருந்தன; அந்த டொக்டர் 33ஐ எடுத்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிறகு 2021இல் வந்த ஆய்வு இன்னும் பெரியது, 1,850 பேருக்கு மேல். ஒரு பக்கம் 33. மறு பக்கம் குளிரவைப்பதே இல்லை, காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் குளிரவைத்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 50, மற்றவர்களில் 48. பிழைத்தவர்களின் மூளை நிலையிலும் வேறுபாடு இல்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி இரத்த ஓட்டம் தடுமாறுவது மட்டும் குளிரவைத்தவர்களிடம் கூட: நூற்றுக்கு 24 பேர், மற்றவர்களில் 17 பேர்.

இதோடு விவாதம் முடிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஷொக் கொடுத்துச் சரிசெய்ய முடியாத வகையில் இதயம் நின்றவர்களுக்கு 33 பாகை கொஞ்சம் உதவியதாக 2019இல் பிரான்சில் ஒரு ஆய்வு வந்தது, நூற்றுக்கு 5.7 பேர் தேற வேண்டிய இடத்தில் 10.2 பேர். ஆனால் அப்பா அந்த வகை இல்லை. அவருடையது ஷொக் கொடுத்துத் திரும்பிய இதயம், அதாவது 2021இன் கணக்கு பெரும்பாலும் யாரைப் பற்றியதோ அவர்களில் ஒருவர்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது, அதற்கு நம் மொழிப்பழக்கமும் காரணம். மாரடைப்பு என்ற ஒரே வார்த்தையில் இரண்டையும் அடக்கிவிடுகிறோம். இதயத்துக்குப் போகும் குழாய் அடைபடுவது ஒன்று, இதயமே நின்றுபோவது இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவது வரலாம், அப்பாவுக்கு வந்த மாதிரி, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. ஐஸ் வைத்தது மூளைக்காக. அடைப்புக்குத் தனியாக இரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டார்கள், பிறகு ஸ்டென்ட் வைத்தார்கள். நின்றுபோகாத இதயத்தையும் குளிரவைத்தால் செத்துப்போகும் தசையின் அளவு குறையுமா என்று பார்த்திருக்கிறார்கள். பன்றிகளில் குறைந்தது. மனிதர்களில் 2014இல் 120 பேரிடம் செய்து பார்த்தபோது சொல்லும்படி குறையவில்லை. பன்றிக்கு அடைப்பை உண்டாக்கினவரே எத்தனை மணிக்குக் குளிரவைப்பது என்றும் தீர்மானிக்கலாம். மனிதனுக்கு முதலில் இஞ்சித் தேத்தண்ணி, பிறகு சித்தாலேப, பிறகு ஓட்டோ.

அந்தச் சுவீடன் பெண்ணின் கதையிலும் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. ஐஸுக்கடியில் மாட்டிய அவர் ஒரு காற்றுப் பையைக் கண்டுபிடித்து 40 நிமிடம் அளவு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். உடம்பு நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் இதயம் நின்றது. என் அப்பாவுக்கு இதயம் நின்று, மூளைக்கு அடிபட்டு, அதன் பிறகு மணிக்கணக்காகியே குளிர் வந்தது. வெள்ளம் வருமுன் அணை கட்டுவதையும் வந்து போன பின் கட்டுவதையும் ஒரே கதையென்று வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன்.

என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று, அது குழந்தைகளைப் பற்றியது. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்கு அடிபட்ட சிசுக்களை 72 மணி நேரம் குளிரவைப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை, அதில் பலனும் உண்டு. அதையே இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் மூன்றிலும் ஏழு ஆஸ்பத்திரிகளில் 408 சிசுக்களுக்குச் செய்து பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். குளிரவைத்த சிசுக்களில் நூற்றுக்கு 42 இறந்தன, குளிரவைக்காதவற்றில் 31. அங்கே காப்பாற்றியது இங்கே காப்பாற்றவில்லை. இதைப் படித்த இரவு நான் கணினியை மூடிவிட்டுப் போய் அம்மாவின் கம்பளியைத் தேடினேன். பெட்டியில்தான் இருந்தது, பாச்சான் உருண்டை போட்டு.

அம்மா சொன்னதுதான் சரி என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பளி போர்த்தி அப்பாவுக்குச் சூடு ஏறியிருந்தால் அது கெடுதல்தான், இன்றைக்கும் அதே பதில்தான். ஆனால் நான் பறித்த வேகத்துக்கு என்னிடம் இருந்த அறிவு போதாது. “குளிர்தான் மருந்து” என்று அவ்வளவு உறுதியாகச் சொன்ன 2017இல், 2013இன் ஆய்வு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தவரிடம், “கையால புடிச்சிக்கிட்டு இரும்மா, அது ஒண்ணும் செய்யாது” என்று சொல்லியிருக்கலாம்.

நாலு வசனம்

ஐஸை எடுத்துவிட்டால் கதையில் மீதி என்ன இருக்கிறது? நான் வேகமாகச் சொல்லிக் கடந்த அந்த நாலு வசனம்தான் இருக்கிறது. அதை இப்போதுதான் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஓட்டோ ஆஸ்பத்திரி வாசல் மேட்டில் ஏறி நின்றது. அப்பா இறங்க ஒரு காலை வெளியே வைத்தார், வைத்தவர் அப்படியே என் மேல் சாய்ந்தார். எடை முழுக்க என் தோளில். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம், அதை மூச்சு என்று நினைத்தேன். அது மூச்சில்லை என்பது அந்த இடத்தில் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. வாளியும் துடைப்பானும் எடுத்துக்கொண்டு நடைவழியில் வந்துகொண்டிருந்த அட்டெண்டன் அவர். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர். வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அப்பாவை என்னிடமிருந்து வாங்கிச் சீமெந்துத் தரையில் மல்லாத்தினார். குல்லாவும் மப்ளரும் ஒரு பக்கம் போயின. ஸ்வெட்டருக்கு மேலேயே, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் மறு கை. முழங்கையை மடக்காமல், இடுப்பிலிருந்து அமுக்கத் தொடங்கினார். “டொக்டரக் கூப்புடுங்க! மெசினக் கொண்டாங்க!” என்று கத்தியபடி, எண்ணியபடி.

இரண்டாவதோ மூன்றாவதோ அமுக்கில் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த கம்பு முறிவது மாதிரி. நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். “அண்ணே, மெதுவா, எலும்பு முறியுது!” அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “மெதுவா அமுக்கினா ஒண்ணும் நடக்காது தம்பி. கைய எடுங்க.”

இப்போது தெரியும். வளர்ந்தவருடைய நெஞ்சு ஒவ்வொரு அமுக்குக்கும் ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இறங்க வேண்டும், ஆறுக்கு மேல் வேண்டாம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அப்படி அமுக்கினால் விலா முறிவது சாதாரணம். யாரும் அமுக்காமல் விட்டால், ஷொக் கொடுக்கக்கூடிய இதயத்துக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து வீதம் கரையும். மெசின் வர நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும், எனக்கு அது ஒரு மழைக்காலம் மாதிரி இருந்தது. அந்த நேரம் முழுக்க அப்பாவின் மூளைக்குப் போன இரத்தம் அந்த ஒல்லி மனிதரின் இரண்டு கையிலிருந்து போனது. மெசின் வந்தது, எல்லோரையும் விலகச் சொன்னார்கள், அப்பா தரையில் துள்ளி விழுந்தார். பிறகு வெள்ளைக் கோட்டுகள் சூழ்ந்துகொண்டன. அட்டெண்டன் எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தினார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. தேடவும் இல்லை. எனக்குத்தான் ஐஸ் கிடைத்துவிட்டதே.

லீக்ஸ் தோட்டம்

போன ஆவணியில் அவரைப் போய்ப் பார்த்தேன். ஓய்வு பெற்று, நானுஓயாப் பக்கம் தன் வீட்டில் இருக்கிறார் என்று அந்த ஆஸ்பத்திரியில் பழைய நர்ஸ் ஒருவர் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக லீக்ஸ் பாத்தி. சேற்றுக் காலோடு வந்தார். வயது கூடியிருந்தது, கை மட்டும் அப்படியே. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். வருடம் சொன்னேன், ஓட்டோ சொன்னேன், வாசல் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. நிறையப் பேர் வருவார்கள் தம்பி என்றார். ஐஸ் வைத்துப் பிழைத்தவர் என்று சொல்லிப் பார்த்தேன், அதுவும் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிய பிறகு நடந்தது எதுவும் அவர் காதுக்கு வந்திருக்கவில்லை. ஏதோ நினைத்து, மூன்று விலா முறிந்தது என்றேன்.

உடனே நிமிர்ந்து பார்த்தார். “அந்த அம்மா வந்து ஏசிட்டுப் போனாங்களே, அவங்க வூட்டுக்காரரா?”

“ஆமாண்ணே.”

“நா அன்னிக்கி லீவு. மத்தவங்க சொன்னாங்க.” பாத்தியின் ஓரத்தில் இருந்த ஒரு களையைக் கால் பெருவிரலால் நிமிண்டினார். “எனக்கு முறையா யாரும் படிப்பிக்கல தம்பி. வாட்டுல ஒரு நர்ஸம்மா தலகாணிய வச்சி அமுக்கிக் காட்டுவாங்க, அதப் பாத்துப் பழகினதுதான். அவங்க ஏசினதும் நெனச்சேன், நம்மளுக்குத் தெரியாத வேலையச் செஞ்சி மனுசன முறிச்சிப் போட்டோமோன்னு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கு அமுக்க வேண்டி வந்திச்சி. கொஞ்சம் பாத்துப் பாத்து, மெதுவாத்தான் அமுக்கினேன்.”

அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மா ஏசியது தவறு, அவர் சரியாகத்தான் செய்தார், அந்தக் கைதான் என் அப்பாவைக் கொண்டுவந்தது என்று சொன்னேன். சொன்னேன் என்றால், நாலைந்து தடவை சொன்னேன், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவருடைய மகள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் கொண்டுபோயிருந்த பிஸ்கட் பெட்டியையும் சாரத்தையும் வாங்கிவைத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு கட்டு லீக்ஸ் பிடுங்கித் தந்தார், மண்ணைக் கழுவி, தும்பால் கட்டி.

பஸ்ஸுக்கு ரோட்டு வரை கூட வந்தார். பஸ் வளைவில் திரும்பும்போது கேட்டார்.

“இப்ப வலிக்குதா பெரியவருக்கு?”

இருமினால் மட்டும் கொஞ்சம், என்று வாய் வரை வந்தது. “இல்லண்ணே” என்றேன்.